வலியைக் கிளப்பிவிடும் குளிசைகள்

கேள்வி: என் தங்கச்சிக்கு 27 வயது. அடிக்கடி வந்த கடும் வயிற்றுவலிக்கு ‘அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்பீரியா’தான் காரணம் என்று அண்மையில் கண்டுபிடித்தார்கள். போன மாதம் சலக்கடுப்புக்குக் கோட்ரைமொக்சசோல் குளிசை போட்டபின் வலி திரும்ப வந்து வாட்டில் கிடந்தாள். என்னென்ன மருந்து ஆகாது? கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா? எனக்கும் இது இருக்குமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. கோட்ரைமொக்சசோலில் இருக்கும் சல்பா மருந்து இந்த நோய்க்கு ஆகாது. கிருமித்தொற்றும் தன் பங்குக்கு வலியைக் கிளப்பியிருக்கலாம்.

ஈரல் ‘ஹீம்’ என்ற பொருளைப் பல படிகளில் தயாரிக்கிறது. அதில் ஒரு படிக்கான நொதியம் தங்கச்சிக்கு ஏறக்குறைய பாதியளவே வேலை செய்கிறது. சாதாரண நாளில் அது போதும். சில மருந்துகள் உள்ளே போனால் ஈரல் ஹீம் தயாரிப்பை முடுக்கிவிடும். அரைகுறையாக நிற்கும் இடைப்பொருட்கள் தேங்கி நரம்புகளைப் பாதிக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே வயிறு துடிப்பது இதனால்தான்.

வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோன், பினைட்டோயின், கார்பமசெபின், வல்புரோயேட், காசநோய்க்கான ரிபாம்பிசின், ஹோர்மோன் கருத்தடைக் குளிசைகள் எல்லாம் ஆபத்தானவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. நோய் முற்றும்போது வலிப்பும் வரலாம். விவரம் தெரியாதவர் வழக்கம்போல பினைட்டோயின் ஏற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே நோயின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதுவியுங்கள். பாமசியில் சும்மா கேட்டு வாங்கும் பழக்கம் இனி வேண்டாம். பனடோல், அமொக்சிசிலின், வாந்திக்கு ஒன்டான்செட்ரோன் ஆகியவை பொதுவாகப் பாதுகாப்பானவை. கடும் வலிக்கு ஆஸ்பத்திரியில் மோர்பின் கொடுக்கலாம், பயப்படத் தேவையில்லை.

விரதம்? வேண்டவே வேண்டாம். பட்டினியும் ஈரலில் அதே முடுக்கத்தைத்தான் செய்யும், அதுவும் ஆறு நாள்! நல்லூரானைக் கும்பிட்டுவிட்டு வேளைக்குச் சோறு சாப்பிடட்டும், அவர் கோவிக்கமாட்டார். மெலிவதற்கான டயட்டும் குடியும் சிகரெட்டும் இதே கணக்குத்தான்.

உங்கள் விஷயம்: பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் உங்களுக்கும் இருக்க 50 வீத வாய்ப்பு. ஆனாலும் மரபணு மாற்றம் உள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வலி வருவதில்லை. வலியில்லாத நேரத்துச் சிறுநீர்ப் பரிசோதனையை நம்ப முடியாது, மரபணுப் பரிசோதனைதான் சரி. தங்கச்சியின் வைத்தியரிடமே அதைக் கேளுங்கள். முடிவு வரும்வரை நீங்களும் மேற்சொன்ன ஆபத்தான மருந்துகளை வைத்தியரிடம் கேட்காமல் தொடாதீர்கள். இப்போதே அவற்றில் ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் முதலில் அவரிடம் பேசுங்கள்.