தாதியாக விரும்பும் மகள்: மூன்று மாத வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். சிறுவயதிலிருந்தே தாதியாக வேண்டும் என்கிறாள். டவுனில் 'மருத்துவத்துறை அறிமுகப் பயிற்சி' என்று மூன்று மாத வகுப்பு நடத்துகிறார்கள், முடிவில் சான்றிதழும் உண்டாம். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா?

பதில்: கடன் வாங்காதீர்கள். அந்தச் சான்றிதழைக் காட்டி அரசாங்கத் தாதியர் பயிற்சிக்குள் நுழைய முடியாது. அதற்குக் கேட்பது உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களின் சித்தி. ஆகவே பெறுபேறு வந்ததும் மகள் எந்தப் பிரிவில் சேர்கிறாள் என்பதுதான் இப்போது நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். அருகிலுள்ள பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும் இருக்கிறது என்பதற்காக அதில் சேர்ந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தாதியர் பயிற்சியில் கற்பித்த காலத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகள், வழி சொல்ல ஆளில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற ஒன்றுக்கு மாற வேண்டியிருக்கலாம். அந்த வகுப்புக்கென்று வைத்திருக்கும் பணம் இதற்குத்தான் தேவைப்படும்: பஸ் செலவு, தங்குமிடம், இரசாயனவியல் வகுப்பு. மாவட்டத்தை விட்டு வெளியே போவதாக இருந்தால் மட்டும் ஒரு கணம் நில்லுங்கள். மகள் பின்னால் பட்டப்படிப்புக்குப் போக நினைத்தால், மாவட்டம் மாறுவது அதைப் பாதிக்கலாம். விஞ்ஞானப் பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன, கண்டி இல்லை. பாடசாலையை மாற்றும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டத் தகுதி பற்றிய பகுதியை ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

காத்திருக்கும் இந்த மாதங்களை வீணாக்கவும் வேண்டாம். உண்மையான அறிமுகம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) நிறை பார்க்கும் நாளன்று, குடும்ப நல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) அனுமதி கேட்டு மகளை ஒரு மூலையில் நிற்கச் சொல்லுங்கள். குழந்தையைத் தராசில் தொங்கவிடுகிறார், முள் ஆடி ஓயும்வரை பொறுக்கிறார், கொப்பியில் புள்ளி வைக்கிறார், போன மாதப் புள்ளியோடு கோட்டால் இணைக்கிறார். கோடு கீழே சரிந்தால் தாயிடம் என்ன கேட்கிறார், எந்தக் குரலில் கேட்கிறார் என்பதை மகள் கவனிக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் தரும் தெளிவை மூன்று மாத வகுப்பு தராது. வாந்தியையும் இரத்தத்தையும் அழுகையையும் தாங்க முடியுமா என்று ஒரு பிள்ளை தன்னையே கேட்டுப்பார்க்க இப்போதுதான் நல்ல நேரம். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் அது இலாபமே.

இதோடு முதலுதவிப் பயிற்சி. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் அதை நடத்துகின்றன. பாடசாலையின் தொழில் வழிகாட்டல் ஆசிரியர் கடிதம் கொடுத்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையிலோ மாணவர்கள் சிலர் சேர்ந்து பார்வையிட அனுமதி கேட்கலாம். தனியாகக் கேட்பதைவிடப் பாடசாலை மூலம் கேட்பது எளிது. போகும்போது போட்டோ எடுக்கக் கூடாது, பார்த்த நோயாளியைப் பற்றி லயத்தில் வந்து பேசவும் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

அங்கே தாதி அல்லாதவர்களையும் மகள் பார்க்க வேண்டும். மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், எக்ஸ்ரே எடுப்பவர், இயன்மருத்துவர் என்று எத்தனையோ பேர் அந்தக் கட்டடத்துக்குள் வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு டாக்டரையும் மிஸியையும் (தாதியையும்) தவிர வேறு பெயர் தெரிவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இவற்றுக்குப் பட்டப்படிப்பு உண்டு, தாதியத்துக்கும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை அதே உயிரியல் பிரிவுதான்.

சுகாதார அமைச்சின் தாதியர் டிப்ளோமா மூன்று வருடம். கண்டியிலும் பதுளையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு கிடைக்கும், கட்டணம் கிடையாது. பாடம் ஆங்கிலத்தில். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், எனவே ஆங்கிலத்தை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். வார்டில் சிங்களமும் வேண்டும். தமிழோ ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதன் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம். மருந்துக் கவரில் சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாமல், காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவரிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியவில்லை. மூன்று மொழியும் தெரிந்த ஒரு தாதிக்காக நம் மக்கள் காத்திருக்கிறார்கள்.

விஞ்ஞானத்தில் பெறுபேறு சரியாக வராவிட்டால்? அப்போதும் பணம் கட்டி ஏமாற வேண்டாம். பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் ஒரு பாடம். சாதாரண தரத்தில் தவறியவர்களும் அந்தப் பிரிவில் சேரலாம். தேசியத் தொழிற்தகைமையுடன் (NVQ) பராமரிப்பாளர் பயிற்சியும் உண்டு. டவுன் வகுப்புக்காரர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, இந்தப் பாடநெறிக்குத் தொழிற்தகைமை மட்டம் எத்தனை? பதிவு இலக்கத்தை எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இந்த வாரமே செய்ய வேண்டியது. மகளின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பாடசாலைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி. ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் பின்னால். நம் தோட்டங்களில் இது வழக்கம். ஆட்சேர்ப்பு அறிவித்தல் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும், முடிவுத் திகதிக்குள் பெயர் திருத்தி முடியாது. வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு இப்போதே போங்கள்.