மீட்க வருபவர்களின் குண்டுக்கும் தப்ப வேண்டும்

தூத்துக்குடி வாசகி ஒருவரின் கேள்வி: “என் கணவர் ஏடன் வளைகுடா வழியாகச் செல்லும் கப்பலில் சேரவிருக்கிறார். கடற்கொள்ளையர் பிடித்துவைத்த கப்பலில் கடற்படையினர் இறங்கினால், உள்ளே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? மீட்பிலேயே உயிர் போய்விடும் என்கிறார்களே?”

அம்மா, உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009 ஏப்ரலில் ‘தானித்’ என்ற பாய்மரப் படகை பிரெஞ்சுப் படையினர் மீட்டபோது, பணயக்கைதி ஒருவர் மீட்க வந்தவர்களின் குண்டுக்கே பலியானார். ஆனால் 2024 மார்ச்சில் ‘ரூயன்’ கப்பலை நம் கடற்படை சுமார் 40 மணி நேரம் போராடி, 35 கொள்ளையரைச் சரணடையச் செய்து, 17 மாலுமிகளையும் உயிருடன் மீட்டது.

உள்ளே நுழையும் வீரருக்கு மாலுமி யார், கொள்ளையன் யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது; அவர் பார்ப்பது கைகளைத்தான். ஆகவே உங்கள் கணவர் தரையோடு தரையாகப் படுத்து, வெறுங்கைகள் வெளியே தெரியும்படி தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஓடுவதும், நன்றி சொல்ல எழுவதும், கிடக்கும் துப்பாக்கியைத் தொடுவதும், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் ஆபத்து. வருபவர்களுக்கு ஆங்கிலமே தெரியாமலிருக்கலாம். அதட்டினாலும் கைகளைக் கட்டினாலும், அடையாளம் உறுதியாகும்வரை பணிந்திருக்க வேண்டும்.

‘சிட்டடெல்’ எனும் பாதுகாப்பு அறைக்குள் பூட்டிக்கொண்டால் போதும் என்பார்கள். 2024 ஜனவரியில் ‘லீலா நார்ஃபோக்’ கப்பலின் 21 பேரும் அப்படித்தான் தப்பினர். ‘21 பேரும்’ என்பதைக் கவனியுங்கள். சமையற்காரர் ஒருவர் மட்டும் வெளியே சிக்கிக்கொண்டாலும் அவர் பணயக்கைதி. அவரை வைத்தே மற்றவர்களைக் கதவு திறக்கச் செய்யலாம் என்பதால், அனைவரும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாமல் கடற்படை பொதுவாக இறங்காது. அதைச் சொல்ல, அறைக்குள்ளிருந்தே வெளியுலகுடன் பேசும் கருவியும் வேண்டும்.

அந்தக் கருவி இல்லாத கப்பல்களுக்கும் புரோக்கர்கள் ஆள் பிடிக்கிறார்கள். 2010 மார்ச்சில் பிடிபட்ட ‘ஐஸ்பெர்க் 1’ கப்பலை அதன் உரிமையாளர் கைவிட்டார். இந்தியரும் இருந்த அந்தக் கப்பல் மீண்டது 2012 டிசம்பரில். வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று, மாலுமிகளை வேலைக்கு எடுப்பது பற்றிய இந்திய அரசின் 2016 விதிகள் சொல்கின்றன. லட்சக்கணக்கில் கொடுத்தவர் புகாருடன் போனாலோ, ஒரு மேசை அடுத்த மேசையைக் கைகாட்டுகிறது. கணவர் கையெழுத்திடுமுன், ஏஜென்டின் ஆர்பிஎஸ்எல் (மாலுமிகளுக்கு வேலை வாங்கித் தருவதற்கான அரசு உரிமம்) எண் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகப் பட்டியலில் அதே பெயரிலும் முகவரியிலும் நடப்பில் உள்ளதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் நீட்டும் நகலை நம்ப வேண்டாம்.