வளவும் கிணறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

"சுற்றுச்சூழலைக் காக்க நான் தனியொருவனாக என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்குத் தனித்தனியே பதில் கிடையாது. கீழே இருப்பவற்றை வாசித்து, உங்கள் வளவுக்குப் பொருந்துவதைச் செய்யுங்கள். குறிப்பான கேள்வி கேட்டவர்களுக்கு முதலிடம்.

கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுதல் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. கொதிக்கவைத்துக் குடித்தால் போதும்தானே? (கோண்டாவில்)

போதாது. கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று அப்படியே இருக்கும். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவும் செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்த நீரைத் தொடவே கூடாது. அது பெரும்பாலும் உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வருவது. தோட்டத்துக்கு யூரியாவைக் கண்ணளவில் அள்ளி வீசுவதை இன்றோடு நிறுத்துங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்பதை ஏன் எழுதவில்லை? 50 அடி என்பது வழக்கத்தில் சொல்லும் மிகக் குறைந்த இடைவெளி. வெடிப்பும் பொந்துமான நமது யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் அதுவே போதும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

எங்கள் கிணறு உவராகிவிட்டது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்த ஊர், கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், கட்டுக்கிணறா குழாய்க்கிணறா, மோட்டார் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் மருந்து கேட்கிறீர்கள். பொதுவாக ஒன்று சொல்கிறேன். நம் நிலத்துக்கடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் கீழே போகப் போக உவரும் இருப்பது இதனால்தான். கணக்கும் எளிது: கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழேயிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். ஆகவே மோட்டாரை ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள். "இன்னும் பத்தடி தோண்டினால் நல்ல தண்ணீர் வரும்" என்று யாராவது சொன்னால் படலையைச் சாத்துங்கள்.

முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்துவிட்டோம். வெயிலில் கால் வைக்க முடியவில்லை. சுற்றுச்சூழலுக்கு உகந்த பெயின்ட் ஏதும் உண்டா? எந்த நிறம் நல்லது? (நல்லூர்)

வெள்ளை அடித்தால் சூடு சற்றுக் குறையும், கண் கூசும். கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்தது. இனிக் கேட்காததற்கு வருகிறேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. நாம் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் மழையாக விழுந்து மண்ணுக்குள் இறங்கிய நீர்தான். ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் மண்ணுக்குள் போகாத நீரை ஆடி மாதத்தில் எங்கே தேடுவது?

உங்கள் முற்றம் 3000 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் ஆண்டுக்கு விழும் மழை மூன்றரை இலட்சம் லீற்றர். 7000 லீற்றர் பவுசரில் ஐம்பது பவுசர். பாதி ஆவியாகிப் போகும் என்றே வைத்துக்கொள்வோம், மிச்சம் இருபத்தைந்து பவுசர். கல்லைப் பதித்து, இடுக்கெல்லாம் சீமெந்துச் சாந்து பூசி, அதை ஒழுங்கைக்கு அனுப்புகிறீர்கள். ஒழுங்கையில் வெள்ளம் நின்றதும் வாய்க்கால் இல்லை என்று மனு எழுதுகிறோம். ஐப்பசியில் வெள்ளத்துக்கு ஒரு மனு, ஆவணியில் தண்ணீருக்கு ஒரு மனு, கையெழுத்து வைப்பவர்கள் அதே ஆட்கள்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தையும் பார்த்தேன். மாமரத்தின் அடிவரை கல்லைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறீர்கள், ஒரு சாண் மண்கூட விடவில்லை. மூலையில் ஓர் இடுக்கில் அறுகம்புல் தலைகாட்டியிருக்கிறது. அதுவும் மஞ்சளாகக் கருகிக் கிடப்பதைப் பார்த்தால் களைகொல்லி அடித்த அடையாளம். படத்தின் ஓரத்தில் தெரிவது கிணற்றுக் கட்டு. தூரம் பத்தடி இருக்குமா?

நம் வீடுகளுக்கு மணல் முற்றம் இருந்தது. காலையில் பெருக்கிச் சாணம் தெளித்தால் வேலை முடிந்தது, மழையும் நின்ற இடத்திலேயே வற்றியது. சுற்றிவரப் பூவரசும் கிளுவையும் நின்ற வேலி தோட்டத்துக்குக் குழையும் ஆட்டுக்குத் தீனும் கொடுத்தது. இப்போது வேலிக்குப் பதில் மதில், மணலுக்குப் பதில் கல். வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை வந்து போகும் உறவினரின் செருப்பில் மண் ஒட்டக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்கு விளங்கவில்லை.

பெயின்ட் வாங்கும் காசுக்கு ஒரு கூலியாளைப் பிடியுங்கள். வாகனச் சில்லு ஓடும் இரண்டு பட்டையை மட்டும் விட்டு மற்றக் கல்லைக் கிளப்புங்கள். முழுவதும் மனம் வராவிட்டால், மாமரத்தைச் சுற்றி நான்கடியாவது கிளப்பி, மற்ற இடுக்குகளில் பூசிய சாந்தைக் கொத்தி மணலை நிரப்புங்கள். கூரைப் பீலி நீரைச் சல்லிக்கல் நிரப்பிய குழிக்குள் விடுங்கள். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே போக விட்டுவிடுங்கள். குளியலறை நீரையோ உடுப்புத் தோய்த்த நீரையோ அந்தக் குழிக்குள் திருப்ப வேண்டாம். களைகொல்லிப் போத்தலைக் கிணற்றடிக்குக் கொண்டுவரவே வேண்டாம், புல்லைக் கையால் பிடுங்கலாம்.

மழைநீர்த் தொட்டி வைத்தால் டெங்கு நுளம்பு பெருகாதா? (சாவகச்சேரி)

மூடியும் நுண்வலையும் இருந்தால் பெருகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் உங்கள் பூச்சாடித் தட்டையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும்தான் பார்ப்பார். 1000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழைக்கு 2300 லீற்றர் அளவில் நீர் வரும். தொட்டியின் அளவை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் வளவுக் குப்பையை எங்கள் வளவுக்குள்ளேயே கொளுத்துகிறோம். யாருக்கும் தொந்தரவு இல்லை. இதிலும் பிழையா? (மானிப்பாய்)

புகைக்கு உங்கள் மதில் தெரியாது. சருகோடு பொலித்தீன் பையும் குழாய்த் துண்டும் பழைய செருப்பும் சேர்ந்து எரிகின்றன என்பது எனக்குத் தெரியும், எல்லா வளவிலும் அதுதான் நடக்கிறது. பீவீசீ குழாய் எரிந்தால் டயொக்சின் என்ற நச்சு வரும், சாம்பல் மழையோடு மண்ணுக்குள் இறங்கும். அங்கிருந்து எங்கே போகும் என்று மறுபடி சொல்ல வேண்டுமா? மாவிலை, பலாவிலை எல்லாவற்றையும் வாழைக்கடியில் குவியுங்கள். மண்ணின் ஈரம் காக்கும், ஒரு மாரி கழிந்தால் எருவாகும். பிளாஸ்டிக்கைக் காயவைத்துத் தனியாகச் சேர்த்து, குப்பை எடுக்க வருபவர்களிடம் கொடுங்கள்.

வேலிக் கட்டைகளைக் கறையான் அரிக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஒயில் பூசலாமா? கராஜில் இலவசமாகத் தருகிறார்கள். (கரவெட்டி)

கூடாது. அதில் ஈயம் முதலான உலோகங்கள் இருக்கும். ஒரு லீற்றர் ஒயில் பத்து இலட்சம் லீற்றர் நீரைக் கெடுக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை அதற்குள் மறந்துவிட்டதா? கட்டைக்குப் பதிலாக உயிர்க் கதியால் நடுங்கள். கிளுவையும் சீமைக்கிளுவையும் தடி வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும்.

கோயில் திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் பிளாஸ்டிக் கோப்பையைத் தவிர்க்க முடியவில்லை. கூட்டம் அதிகம். (வட்டுக்கோட்டை)

முடியும். எவர்சில்வர் பேணி நூறும் கழுவ நான்கு இளைஞர்களும் போதும். 2023 ஒக்டோபரிலிருந்து நாட்டில் ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக் கோப்பைகளுக்குத் தடை இருக்கிறது என்பதையும் உபயகாரரின் காதில் போட்டு வையுங்கள். அன்னதானத்துக்கு வாழையிலையும் தாமரையிலையும் இருக்கையில் பொலித்தீன் தாளை விரிப்பது சோம்பல்.

ஊரில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. நூறு மரக்கன்று நட்டுப் பசுமையாக்கப் பணம் அனுப்புகிறேன். எந்த மரம் நல்லது? (ஸ்காபரோ)

நல்ல எண்ணம்தான். தண்ணீர் ஊற்றப் போவது யார்? கன்று இரண்டு கோடையைத் தாண்டும்வரை ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் நூறு கன்றும் படம் எடுத்த மறு கிழமை ஆட்டுக்குத்தான். ஆளே இல்லாத வளவுக்குப் பனைதான். மாரி தொடங்கும்போது விதையை நிலைக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றச் சொல்லுங்கள். முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும், இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று பாத்தியில் போட்டால் அவித்துத் தின்னத்தான் ஆகும். காய்க்கப் பதினைந்து ஆண்டு அளவில் எடுக்கும், அவசரப்படாதீர்கள். இன்னொன்று: துப்புரவு செய்கிறேன் என்ற பெயரில் எல்லையில் நிற்கும் பனைகளைத் தறிக்க விடாதீர்கள், தறிப்பதற்கு அனுமதி பெற வேண்டும். கூரை மேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கியின் மூடி காற்றில் பறந்திருக்கிறதா என்றும் யாரையாவது ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

60 வாட் குண்டு பல்பு இன்னும் எரிகிறது. எரிந்து முடிந்த பின் எல்ஈடி மாற்றலாமா? (வேலணை)

இன்றே மாற்றுங்கள். 9 வாட்டில் அதே வெளிச்சம் கிடைக்கும்.

கைவிட்ட பழைய கிணற்றில் குப்பை போட்டு மூடலாமா? (உரும்பிராய்)

பக்கத்து வீட்டுக் கிணற்றில் குப்பை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே நீர். போடக் கூடாது. மேலே உறுதியான மூடி போட்டு, கூரை நீரை வடிகட்டி அதற்குள் விட வசதி உண்டா என்று பாருங்கள். ஏற்கெனவே கொட்டியிருந்தால், கோடையில் நீர் இறங்கியதும் ஆள் வைத்து அள்ளுங்கள். இறங்குபவரைத் தனியாக இறக்காதீர்கள், முதலில் காற்றோட்டம் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேரை நிறுத்துங்கள்.