மறதியும் மருந்துச் சீட்டும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு வயது 72. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. தன் நோயைத் தானே கவனித்துக்கொண்டவர் அவர். சர்க்கரை அளவைத் தினமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். ஒரு வேளை மாத்திரையையும் தவறவிட்டதில்லை. ஒன்றரை ஆண்டாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார், நோட்டுப் புத்தகத்தில் பல நாட்களுக்கு எதுவும் எழுதப்படவில்லை. சென்ற மாதம் ஒரே இரவில் இரண்டு முறை இன்சுலின் போட்டுக்கொண்டுவிட்டார். விடியற்காலையில் உடல் முழுதும் வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சர்க்கரை மருத்துவர், வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்கிறார். நரம்பியல் மருத்துவர், மறதி நோயின் தொடக்கம் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்கவில்லை.

சர்க்கரைதான் இதற்குக் காரணமா? அந்த மாத்திரை குணப்படுத்துமா? நினைவு மங்காமலிருக்க, தினமும் மாலையில் தேதி, கிழமை, பேரப்பிள்ளைகளின் பெயர் என்று கேள்வி கேட்டுப் பயிற்சி தருகிறேன். அவர் கோபப்பட்டு எழுந்து போய்விடுகிறார். நான் செய்வது சரிதானா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் அல்லன். சிறுநீரகக் கோளாறும் மறதி நோயும் சேர்ந்து வந்த என் தாயாரை ஏழு ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்டவன். அந்த ஆண்டுகளில் தேவை கருதிப் படித்தவன். அந்த அளவில் எழுதுகிறேன். மருந்தில் எந்த மாற்றத்தையும் உங்கள் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த நோட்டுப் புத்தகம். நீண்ட நாள் நோய்களில் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது ஆண்டுக்குச் சில முறைதான். மற்ற நாட்களிலெல்லாம் அளந்து பார்ப்பதும், எழுதிவைப்பதும், மாத்திரையின் நேரத்தையும் சாப்பாட்டின் நேரத்தையும் பொருத்துவதும், உடம்பில் ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்வதும் நோயாளியேதான். அதாவது, இந்த நோய்களுக்கான சிகிச்சை முழுவதும் நோயாளியின் நினைவாற்றலை நம்பியே அமைக்கப்படுகிறது. எந்தச் சீட்டிலும் அது எழுதப்படுவதில்லை. உங்கள் அப்பா இருபது ஆண்டுகள் அந்த வேலையைப் பிசகில்லாமல் செய்தார். இப்போது அந்த வேலையைச் செய்யும் உறுப்பே நோயுற்றிருக்கிறது, ஆனால் சீட்டு மட்டும் பழைய மனிதருக்கு எழுதியபடியே இருக்கிறது. அன்றிரவு அவர் இரண்டாம் முறை ஊசி போட்டுக்கொண்டதை அலட்சியம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒரு வேளையும் தவறவிட்டதில்லை என்ற பழக்கமும், இன்னும் போடவில்லையோ என்ற அச்சமும்தான் அவரை மறுபடியும் ஊசியை எடுக்க வைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது, தனக்கென்று சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வசதியும் அதற்கு அநேகமாகக் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்தால் முதலில் தவிப்பது மூளைதான். சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்த அனுபவம் உள்ள முதியவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. மறதி நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை தாழும் வாய்ப்பும் கூடுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது. இதனாலேயே நினைவாற்றல் குறைந்த முதியவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 7-க்குக் கீழே இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தாமல், 8 வரை விட்டுக்கொடுக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சர்க்கரை மருத்துவரிடம் மறதியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். அந்த விடியற்காலையில் நடந்ததை முழுதாகச் சொல்லி, இப்போதைய இலக்கு இவருக்குப் பொருந்துமா, இன்சுலினையும் சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரைகளையும் குறைக்கவோ, வீட்டில் ஒருவர் உடனிருக்கும் ஒரே வேளைக்கு மாற்றவோ முடியுமா என்று நேராகக் கேளுங்கள். வேறு எதையும் விட இதுதான் அவசரம்.

இனி, சர்க்கரைதான் காரணமா என்பது. ஓரளவு ஆம் என்பதுதான் நேர்மையான விடை. நீண்டகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுப்பதுபோலவே மூளையின் நுண்குழாய்களையும் கெடுக்கின்றன. பக்கவாதம் என்று வெளியே தெரியாத சிறுசிறு அடைப்புகள் அங்கங்கே விழுகின்றன. முதியவர்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது, மறதி நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமரின் புரதப் படிவுகளும் ரத்தக்குழாய்ச் சேதமும் ஒரே மூளையில் கலந்திருப்பதைத்தான் பெரும்பாலும் கண்டிருக்கிறார்கள். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றுள் வாழ்நாளின் வெவ்வேறு கட்டங்களில் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் கணிப்பு. அது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. அதை வைத்துக்கொண்டு உங்கள் அப்பா எங்கே தவறினார் என்று தேடாதீர்கள். அவர் தவறவில்லை என்பதற்கு அந்த நோட்டுப் புத்தகமே சாட்சி.

அந்தப் பட்டியலைவிட உங்களுக்கு இன்று பயன்படுவது வேறொன்று. மறதியைக் கூட்டும், ஆனால் சரிசெய்யத்தக்க சில காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்டகாலம் எடுத்துக்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அந்தக் குறைவே மறதியையும் தடுமாற்றத்தையும் தரும். தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படித்தான். தூக்கத்துக்கும் அரிப்புக்கும் சிறுநீர் அடங்காமைக்கும் தரப்படும் சில மாத்திரைகள் முதியவர்களின் மூளையை மந்தப்படுத்துகின்றன. காது சரியாகக் கேட்காதவர் மறந்துவிட்டவர்போலத் தோன்றுவதும் உண்டு.

மறதி நோய் மெல்ல நகர்வது. ஓரிரு நாட்களில் ஒருவர் தலைகீழாக மாறிவிட்டால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதக் கூடாது. என் தாயார் ஒருமுறை திடீரென என்னை அடையாளம் காணாமல், இரவெல்லாம் சுவரோடு பேசினார். நோய் முற்றிவிட்டது என்று நாங்களே முடிவுசெய்துகொண்டு நான்கு நாட்கள் சும்மா இருந்தோம். சிறுநீர்த் தொற்றினால் வந்த மனக்குழப்பம் அது. சிகிச்சைக்குப் பின் பெரும்பகுதி தெளிந்துவிட்டார். அந்த நான்கு நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. அதனால்தான் உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரையைப் பற்றி. அவருக்கு எழுதியிருப்பது பெரும்பாலும் டொனெபெசில் வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1996 முதல் பயன்பாட்டில் உள்ள மருந்து. நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் காத்து, சிலருக்குச் சில காலம் ஓரளவு தெளிவைத் தருகிறது. மூளை அணுக்கள் அழிவதை அது நிறுத்துவதில்லை. நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால், ரத்த அழுத்தத்துக்கு என்னென்ன எடுக்கிறார் என்பது நரம்பியல் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். புதிய மருந்துகளைப் பற்றியும் நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப், தொடக்க நிலை அல்சைமர் நோயாளிகளிடம் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. கேட்கப் பெரிதாகத் தோன்றும் இந்த எண், 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் சற்றுக் குறைவான வேறுபாடு. மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டாகும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். ரத்தக்குழாய்ச் சேதம் உள்ளவர்களுக்கு அது ஏற்றதா என்பது மிகக் கவனமாக முடிவுசெய்ய வேண்டிய ஒன்று. குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்த மாலைநேரக் கேள்விகளை இன்றே நிறுத்திவிடுங்கள். அன்பினால்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். நானும் அதையே செய்தேன். ஆனால் புதிய நினைவைப் பதித்துக்கொள்ளும் இடமே பழுதுபட்டிருக்கும்போது, நேற்றைய கிழமையை இன்று கேட்பது பயிற்சி ஆகாது. தினமும் தோற்கப்போகும் ஒரு தேர்வில் மகளே தந்தையை உட்கார வைப்பதாகிவிடும். மூளையில் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சிதைந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தது இன்னதென்று சற்று நேரத்தில் அவர்களுக்கு மறந்துபோயிற்று, சோகம் மட்டும் நீடித்தது. நீங்கள் கேட்ட கேள்வி உங்கள் அப்பாவுக்கு மறுநாள் நினைவிருக்காது. அந்தக் கேள்வி விட்டுச்சென்ற கூச்சம் இரவு படுக்கும் வரையிலாவது அவரோடு இருக்கும். "நான் யார், சொல்லுங்கள்" என்று குழந்தையை நிறுத்திக் கேட்க வைக்காமல், "தாத்தா, நான் உங்கள் மகள் வயிற்றுப் பேரன் வந்திருக்கிறேன்" என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் இருவருமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூளைக்கும் சேர்த்து நல்லது என்று தயக்கமில்லாமல் சொல்லக்கூடியது அது. காது சரியாகக் கேட்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

இன்சுலினும் ஊசியும் இனிமேல் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். ஆனால் நோட்டுப் புத்தகத்தை அவரிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். நீங்கள் அளந்து எண்ணைச் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். ஊசி போட்டவுடன் அந்த வரியின் பக்கத்திலேயே "போட்டாயிற்று" என்று அவர் கையாலேயே எழுதி, நேரத்தையும் குறிக்கட்டும். இரவில் எழுந்து "போட்டோமா?" என்று தவிக்கும்போது, நீங்கள் சொல்வதை விடத் தன் கையெழுத்தை அவர் நம்புவார். அடுத்த முறை இரண்டு மருத்துவர்களிடமும் அந்தப் புத்தகத்தையும் எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். பேச்சை அப்பாவிடமிருந்து தொடங்கும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். விட்டுப்போனதை நீங்கள் பிறகு சொல்லலாம்.