படகோட்டி அடித்த நோட்டீஸ்

கே: காசிமேட்டு டீக்கடையில் இரண்டு பேப்பர் ஒன்றையொன்று திட்டுவதைப் படித்துத்தான் எனக்குப் பொழுதே விடிகிறது. இந்தச் சண்டை எப்போது ஆரம்பித்தது சார்?
- வாசகர், ராயபுரம்

ப: இன்று நேற்றா? இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது, 1643-ல், மன்னருக்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 'மெர்க்கூரியஸ் ஆலிகஸ்', நாடாளுமன்றத்துக்காக லண்டனிலிருந்து 'மெர்க்கூரியஸ் பிரிட்டானிகஸ்' என்று வாராவாரம் வந்து ஒன்றின் பொய்யை இன்னொன்று கிழித்தது. நடுவில் ஜான் டெய்லர் என்ற தேம்ஸ் நதிப் படகோட்டி (வாயைப் பார்த்தால் உங்கள் ஏரியா ஆள்தான்) பிரிட்டானிகஸ் எழுதியதற்கும் இனி எழுதப்போவதற்கும் சேர்த்தே இது பதில் என்று தலைப்பிலேயே போட்டு ஒரு நையாண்டிப் பிரசுரம் அடித்தார். சரி, பிரிட்டானிகஸில் எழுதிய மார்ச்மான்ட் நீடம்? 1647-ல் மன்னர் பக்கம் தாவினார், 1650-ல் குடியரசுக்காரர்களுக்குப் பேப்பர் நடத்தினார். அந்த வேகத்துக்குத் தண்டையார்பேட்டைச் சுவரில் போஸ்டர்கூட மாறாது.