கிட்டாரின் மெருகில் க்ளிப் பதித்த தடம்

கேள்வி: என் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் வாசித்த மார்ட்டின் டி-28 கிட்டாரை, அவர் மறைந்த பிறகு அத்தை என்னிடம் கொடுத்தார். மே மாதம் ஊருக்குப் போகும்போது, சுருதி பார்க்கும் சின்னக் க்ளிப் ட்யூனரைத் தலைப்பகுதியிலிருந்து எடுக்க மறந்து, அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால், க்ளிப் பிடித்திருந்த இடத்தில் மங்கலாக ஒரு தடம். தொட்டால் லேசாக ஒட்டுகிறது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும் என்கிறார் எங்கள் தச்சர். செய்யலாமா? முதுகுவலிக்காக, சக்ஷன் கப் வைத்துப் பக்கவாட்டில் ஒட்டும் கிட்டார் தாங்கி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். அதைப் பொருத்தலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தின்னரைக் கிட்டார் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசை நாற்காலிக்கு உங்கள் தச்சர் சொல்லும் வழி சரியாக இருக்கலாம். உங்கள் கிட்டாரில் தின்னர் பட்டால் தடம் மட்டும் போகாது, அந்த இடத்தின் மெருகு முழுவதும் கரைந்து துணியோடு வந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நாசரேத் என்ற ஊரில் செய்யப்படும் அந்தக் கிட்டாரின் உடல்மீது இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். 1920களில் மோட்டார் கார்களுக்கு அடிக்க வந்த பூச்சு இது. விரைவாகக் காய்கிறது, மெல்லியதாகப் படிகிறது, மரத்தின் அதிர்வை அமுக்குவதில்லை என்று கிட்டார் செய்பவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது காயும் விதத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால்தான் அது கெட்டியாகிறது. வேறு வேதிமாற்றம் எதுவும் நடப்பதில்லை. ஆகவே எத்தனை வருடம் ஆனாலும், பொருத்தமான கரைப்பான் வந்து சேர்ந்தால் மறுபடி இளகிவிடும். இன்று பெரும்பாலான கிட்டார்களில் உள்ள பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் அப்படியல்ல. அவை காயும்போதே உள்ளுக்குள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அதே க்ளிப்பைத் தோழியின் கிட்டாரில் மாதக்கணக்கில் விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது உண்மைதான். அந்தக் கிட்டாரின் பூச்சு வேறு.

சரி, க்ளிப்பில் கரைப்பான் எங்கிருந்து வந்தது? பள்ளி நாட்களின் ஜியாமெட்ரி பாக்ஸை நினைத்துப் பாருங்கள். கோடை விடுமுறை முழுவதும் திறக்காமல் வைத்திருந்தால், அழிரப்பர் பட்டுக்கொண்டிருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஸ்கேல் உருகிப் பள்ளமாகியிருக்கும். உங்கள் கிட்டாரில் நடந்ததும் அதேதான். க்ளிப்பின் தாடைகளில் ஒட்டியிருக்கும் மென்மையான பட்டை பிவிசியாக இருக்கலாம். பிவிசி பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதை வளையவைக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு பிணைந்து நிற்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் இறங்கும். லேக்கருக்கு அது மெதுவாக வேலை செய்யும் ஒரு தின்னர். இயற்கை ரப்பரிலும் கறை ஏற்றக்கூடிய சேர்மானங்கள் உண்டு. சிலிகோன் என்றால் பயமில்லை என்பார்கள். அதையும் நான் நம்பி விடுவதில்லை, ஏனென்றால் க்ளிப்பில் உள்ள அந்தக் கறுப்புப் பட்டை எதனால் ஆனது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

க்ளிப் இறுக்கமாக இருந்ததால் வந்த வினை என்று உங்களுக்குத் தோன்றலாம். தடத்தை உண்டாக்கியது முக்கியமாக அது தொட்டுக்கொண்டிருந்த நேரம். அதோடு திருச்சியின் மே மாத வெயிலும் மூடிய பெட்டியும். சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும். ஒரு மணி நேரம் வாசிக்கும்போது க்ளிப் மாட்டியிருப்பதால் எந்தக் கிட்டாரும் கெட்டுப்போவதில்லை.

இப்போது அந்தத் தடத்தை என்ன செய்வது? கொஞ்ச நாள் ஒன்றும் செய்யாதீர்கள். இது உங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று தெரியும். மாமாவின் நினைவாக இருக்கும் பொருளில் ஒரு கறையைப் பார்த்தால் கை அதைத் துடைக்கத்தான் போகும். ஆனால் இளகியிருக்கும் லேக்கரைத் துடைத்தால் துணியின் இழை அதில் பதிந்துவிடும். விரலால் அழுத்தினால் ரேகை பதியும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில், அந்த இடத்தை எதுவும் தொடாதபடி வைத்துச் சில வாரம் பொறுங்கள். கசிவு லேசானதாக இருந்தால் ஒட்டும் தன்மை குறைந்து மறுபடி கெட்டியாக வாய்ப்பிருக்கிறது. கெட்டியான பிறகும் மங்கல் தெரிந்தால், நைட்ரோ லேக்கரில் பழகிய கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மீண்டும் கரையும் குணம்தான் இங்கே பலவீனம் என்றேன் அல்லவா? பழுதுபார்க்கும்போது அதுவே உதவிக்கு வருகிறது. புதிதாக இடும் லேக்கர் பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். பிறகு தேய்த்து மெருகேற்றினால் இணைப்புத் தெரியாத அளவுக்குக்கூடக் கொண்டுவரலாம். அதுவரை கடையில் விற்கும் பளபளப்புத் திரவம் எதையும் தடவ வேண்டாம். அதில் சிலிகோன் இருந்தால், பின்னால் இடும் லேக்கர் அந்த இடத்தில் சரியாகப் படியாமல் குழி குழியாக விலகும்.

இனிமேல் ட்யூனரைச் சுருதி சேர்க்கும்போது மாட்டுங்கள், சேர்த்ததும் எடுத்துவிடுங்கள். க்ளிப்பின் இரண்டு தாடைகளிலும் மெல்லிய, சாயம் ஏற்றாத ஆட்டுத்தோல் துண்டு வைத்துக்கொள்ளலாம். ட்யூனர் கேட்பது காற்றில் வரும் ஒலியை அல்ல, மரத்தின் அதிர்வை. மெல்லிய தோல் அதற்குத் தடையாகாது. ஆனால் அந்தத் தோலைப் பசைநாடாவால் ஒட்டினால், பசை கிட்டார் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருதியை உயர்த்தக் கிட்டாரின் கழுத்தில் கம்பிகளின்மேல் கவ்வவிடும் கேப்போவுக்கும் இதே விதிதான். பாட்டு முடிந்ததும் அதைத் தலைப்பகுதியில் கவ்வவிட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த கேப்போவின் பிடி ட்யூனரைவிடப் பலமானது. அதைப் பக்கத்து மேசையில் வையுங்கள். கிட்டார் ஸ்டாண்டில் உடல் சாய்கிற இடங்களில் இருக்கும் ரப்பர் உறைகளையும் பாருங்கள். க்ளிப்பையாவது கழற்றுகிறோம், ஸ்டாண்டில் கிட்டார் இரவும் பகலும் கிடக்கிறது. பழைய பருத்தி வேட்டித் துணியைப் பல மடிப்பாகச் சுற்றிவிட்டால் போதும்.

சக்ஷன் கப் தாங்கியை மட்டும் உங்கள் கிட்டாரில் பொருத்த வேண்டாம். அந்தக் கிண்ணங்கள் பெரும்பாலும் அதே மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை. அதோடு ஒட்டிய இடத்தை இழுத்துப் பிடிக்கவும் செய்கின்றன. மெருகு எங்காவது மரத்தை விட்டுத் தளர்ந்திருந்தால் அங்கே பெயர்ந்துவிடலாம். நடுவில் ஒட்டச் சொல்லித் தரும் கண்ணாடி போன்ற படலமும் பல நேரம் வினைல்தான், அதாவது அதே பிவிசி. ஸ்பானிய முறைக் கிட்டார்களில் இது இன்னும் ஆபத்து. அவற்றில் உயர்ந்தவை பலவற்றுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போடுகிறார்கள். நம் ஊர் மரச்சாமான்களுக்கு ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அதே அரக்குதான் அது. மிக மெல்லிய பூச்சு. வியர்வையும் சூடும்கூட அதைக் கெடுக்கும்.

முதுகுவலிக்கு, பருத்தித் துணி உறை போட்ட மெத்தைத் தாங்கியைத் தொடைமீது வைத்து வாசித்துப் பாருங்கள். இல்லையென்றால் தோளில் பட்டை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தே வாசிக்கலாம். எடையில் ஒரு பங்கு தோளுக்குப் போய்விடும். பட்டை ரெக்சினாக இல்லாமல் பருத்தியாக இருக்கட்டும். பெட்டியில் வைக்கும்போது அதையும் கழற்றித் தனியே வையுங்கள், ட்யூனரோடு சேர்த்து.