மஞ்சள் பாரித்த தக்காளி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லடம் – உடுமலை சாலையில் எங்கள் தோட்டத்து வாசலிலேயே காய்கறிக் கடை போட்டிருக்கிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வியாபாரம் நன்றாக ஓடியது. சித்திரை பிறந்ததும் தோட்டத்தில் ஒன்றும் இல்லை. தக்காளி மேல்பக்கம் மஞ்சளாகவே நின்றுவிடுகிறது, யாரும் தொடுவதில்லை, மாட்டுக்குப் போடுகிறேன். கடை காலியாகத் தெரியக் கூடாது என்று விடியற்காலையில் மார்க்கெட்டில் வாங்கிவந்து நிரப்புகிறேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடைப்பக்கம் வருவதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

என் கேள்வி இதுதான். வருகிறவர்கள் எல்லோரும் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். ஒரே விலை என்று கறாராக எழுதி வைக்கலாமா? ‘இயற்கை விவசாயம்’ என்று பலகை வைத்தால் கூட்டம் வருமா?

(பெயர் வேண்டாம் என்றதால் எடுத்துவிட்டேன்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

விலையை எழுதி வையுங்கள். பக்கத்து உழவர் சந்தையில் காலையில் பலகையில் எழுதுகிற விலையைப் பார்த்துக்கொண்டால் போதும், அதை ஒட்டி வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘இயற்கை’ பலகை விஷயம், மருந்து அடித்தீர்களா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியும். அடித்திருந்தால் வேண்டாம். சரி, அதை விடுங்கள்.

நான் நின்றுபோன வரி வேறு. “தோட்டத்தில் ஒன்றும் இல்லை.” போன வாரம் தாராபுரம் ரோட்டில் ஒரு தோட்டத்துக் கடையில் வண்டியை நிறுத்தினேன். காலிஃப்ளவர், பீன்ஸ், கேரட், ஒரே அளவில் தக்காளி. கத்திரி வெயிலில் அந்த மண்ணில் எப்படி கேரட் வரும்? ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனதில் இதேதான் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் உங்கள் கடிதம்.

ஒன்றும் இல்லையா தம்பி? முருங்கை கிளை ஒடியக் காய்க்கிற காலம் இது. நுங்கு இருக்கிறது. வெள்ளரிப்பிஞ்சு, பீர்க்கு, கொத்தவரை, வாய்க்கால் ஓரத்து எலுமிச்சை, கிணற்றுமேட்டு மாமரம். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத் தண்ணீரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் விடுகிறார்கள், உங்கள் முறை இல்லாத வருஷம் கிணற்றை நம்பித்தான் ஓட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அப்படி ஓட்டினாலும் இதில் நாலு சாமான் உங்கள் தோட்டத்தில் இருக்கும். நீங்கள் இல்லை என்று சொல்வது, மார்கழியில் இருந்தது இல்லை என்பதைத்தான்.

அப்புறம் அந்தத் தக்காளி. அதை மாட்டுக்குப் போட்டேன் என்று படித்ததும் எனக்கு ஆத்திரமே வந்தது. தக்காளிக்குச் சிவப்பு தருகிற நிறமி, காயின் சூடு முப்பது டிகிரியைத் தாண்டினால் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் உருவாகும். வெயில் நேராக விழுகிற காம்புப் பக்கம் மஞ்சள் பாரித்து நிற்பது அதனால்தான். நோயும் இல்லை, உங்கள் கைக்குற்றமும் இல்லை. முப்பத்தைந்தைத் தாண்டினால் பூவே உதிரும். அந்த வெயிலில் பூவைக் காப்பாற்றிக் காய் பிடித்துப் பழுத்தும் கொடுத்த செடி அது! மே மாதம் மார்க்கெட்டில் நீங்கள் வாங்குகிற செக்கச்சிவந்த பழம் பெரும்பாலும் மதனப்பள்ளி, கோலார் மாதிரி மேட்டு நிலத்திலிருந்து வந்திருக்கும். அதுவும் ஒரு விவசாயி விளைவித்ததுதான், நான் பழிக்கவில்லை. ஆனால் உங்கள் தோட்டத்து வாசலில் வைத்தால், வாங்குகிறவர் அதை உங்கள் மண்ணில் விளைந்தது என்றுதானே எடுத்துப் போகிறார்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்கிறேன். என் அம்மாவும் ரோட்டோரம் புளியமரத்தடியில் சாக்கு விரித்துக் காய் விற்றவள்தான். ஒரு சித்திரையில் எங்கள் கொடிகள் காய்ந்துவிட, அய்யன் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சந்தையிலிருந்து ஒரு மூட்டை சுரைக்காய் வாங்கிவந்து போட்டார். அம்மா எதுவும் சொல்லாமல் விற்றாள். மறுநாள் வழக்கமாக வாங்குகிற டீச்சர் ஒருவர் பாதிச் சுரைக்காயோடு வந்து நின்றார். “இதென்னங்க இந்தக் கசப்பு? உங்க தோட்டத்துக் காய்னுதானே வாங்குனேன். எந்தக் கொடியில பறிச்சீங்க?”

கசக்கிற சுரைக்காய் சாதாரண விஷயம் இல்லை. சுரை, வெள்ளரி, பீர்க்கு வகைக் காய்களில் வெயில் தாங்காமலோ தண்ணீர் காணாமலோ சேர்கிற அந்தக் கசப்பு நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வரைக்கும் போகும். சமைத்தாலும் போகாது. நல்ல வேளை, அந்த டீச்சர் நறுக்கும்போதே ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியிருக்கிறார். எங்கள் கொடியாக இருந்தால் அம்மா அன்றைக்கே வேரோடு பிடுங்கிப் போட்டிருப்பாள். எந்தக் கொடி என்று தெரிந்தால்தானே பிடுங்க முடியும்? பாதிக் காயைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. “வாங்கி வித்ததுங்க. சொல்லாம வித்தது தப்புங்க” என்று காசைத் திருப்பிக் கொடுத்தாள். மீதி மூட்டையை அப்படியே எருக்குழியில் கொட்டச் சொன்னாள். அய்யன் சத்தம் போட்டார். அம்மா காதில் வாங்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா எங்கள் காயிலேயே ஒவ்வொரு கொடிக்கும் ஒன்றைக் கீறி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சாக்கில் அடுக்குவாள். தக்காளி இல்லாத நாளில் அந்த இடத்தைக் காலியாகவே விடுவாள். கேட்டால், “இன்னும் ஒரு மழை விழுகோணும் சாமி. இன்னைக்கு முருங்கைக்காய் கொண்டு போங்க.” மஞ்சள் பாரித்த பழத்தைத் தனியாகக் கூறு கட்டி வைத்து, “வெயிலுக்கு இப்படித்தானுங்க இருக்கும், ரசத்துக்குப் போட்டுப் பாருங்க” என்பாள். எல்லாம் விற்றுவிடும் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். சில நாள் பாதிக் கூடை திரும்பி வரும், எங்கள் வீட்டில் ராத்திரி தக்காளிக் கடைசல்தான். டீச்சர் மட்டும் மறுபடியும் வந்தார், அம்மா கடையை எடுக்கும் வரைக்கும் வந்தார்.

உங்கள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். கடைப்பக்கம் வராமல் இருப்பதுதான் அவர் சொல்வது, தம்பி. தான் விதைக்காத காய்க்குப் பக்கத்தில் அவரால் உட்கார முடியவில்லை. நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம். விடியற்காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவாருங்கள். என்ன இருக்கிறதோ அதை அவர் கையால் பறித்து வைக்கட்டும். நாலு கூடைதான் நிறையும் என்றால் நாலு கூடை போதும்.

வைகாசி முடிவதற்குள் உடுமலைக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். எனக்கு அந்த மஞ்சள் தக்காளியில் இரண்டு கிலோ எடுத்து வையுங்கள். எழுதி வைத்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா